தண்ணி எங்க போச்சு?

எங்க வீட்டு அம்பாசிடரைப் பத்தி முன்னாடியே சொல்லியிருக்கேன். 1998 மாடல், 1500 டீசல். டாக்ஸியா ஓடி ஓய்ஞ்சு போனதை 2011-ல வாங்கினேன். நெல் மூட்டை, வேர்க்கடலை மூட்டை, கல்யாணத்துக்குப் போற சொந்தக்காரங்க, பிரசவத்துக்குப் போற பொண்ணுங்கன்னு எல்லாரையும் ஏத்தின வண்டி. இப்ப ரெண்டு வருஷமா அதுக்கு ஒரே வேலைதான். என் அண்ணனை வாரத்துக்கு ரெண்டு நாள் செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய்க் கூட்டிட்டு வரணும். அவருக்குக் கிட்னி ரெண்டும் வேலை செய்யலை. செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ்.

எங்க ஊர் மாமல்லபுரத்துக்கு மேற்கே, பக்கிங்ஹாம் கால்வாயைத் தாண்டி இருக்கு. திருக்கழுக்குன்றம் வழியா செங்கல்பட்டு போக வர 55 கிலோமீட்டர். பஸ் இருக்கு. ஆனா நாலு மணி நேரம் மெஷின்ல படுத்து எழுந்தவரு பஸ்ல நின்னுக்கிட்டு வர முடியாது. தலை சுத்தும். வாடகை வண்டி போக வர 900 ரூபா கேக்கறாங்க. மாசத்துக்கு எட்டு தடவைன்னா நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க.

போன சித்திரை மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை. திருக்கழுக்குன்றம் தாண்டி ரெண்டு கிலோமீட்டர் போயிருப்போம். சூடு காட்டுற முள்ளு மேல ஏறிடுச்சு. பானெட் ஓரத்துல ஆவி. வண்டியை ஒரு புளியமரத்தடியில ஓரம் கட்டினேன். மணி 10.20. அண்ணனுக்கு மெஷின் 11 மணிக்கு.

சூடா இருக்கிற ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாதுன்னு எல்லாருக்கும் தெரியும், ஆனா ஏன்னு பல பேருக்குத் தெரியாது. உள்ள தண்ணி அழுத்தத்துல இருக்கு. 7 பவுண்டு மூடின்னா தண்ணி 100 டிகிரியில கொதிக்காது, 110 டிகிரி வாக்குலதான் கொதிக்கும். மூடியைத் திறந்ததும் அழுத்தம் விட்டுப் போகும், அவ்வளவு தண்ணியும் அந்த நொடியே கொதிச்சு முகத்துல அடிக்கும். எங்க ஊர்ல ஒரு டிராக்டர் டிரைவருக்கு அப்படி நெஞ்செல்லாம் வெந்து போச்சு. அதனால காத்திருந்தோம். அரை மணி நேரம். அண்ணன் ஒண்ணும் பேசலை. நான்தான் நிமிஷத்துக்கு ஒரு தடவை மணி பார்த்தேன்.

வண்டியில இருந்தது அண்ணனோட அரை லிட்டர் பாட்டில் மட்டும்தான். அவரு குடிக்கிற தண்ணி அளவு. பொழுது சாயற வரைக்கும் அதுதான். டயாலிசிஸ் பண்றவங்க நெனச்சப்ப தண்ணி குடிக்க முடியாது, குடிச்சது வெளிய போக வழி இல்லை. அந்த பாட்டிலை எடுத்து நீட்டினாரு.

"எனக்குத்தான்டா குடிக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. அதுக்கு யாரும் சொல்லலையே. ஊத்து."

அது போதலை. அப்புறம் ஒரு டீக்கடையில ஒரு வாளி வாங்கி, என்ஜின் இன்னும் ஆறட்டும்னு காத்திருந்து, கொஞ்சம் கொஞ்சமா ஊத்தி, ஆஸ்பத்திரி போய்ச் சேரும்போது மணி 12.15. அன்னைக்கு நல்ல நேரம், அடுத்து வர வேண்டியவர் வரலை, மெஷின் கிடைச்சுது. கிடைக்காம போயிருந்தா வெள்ளிக்கிழமை வரைக்கும் அண்ணன் உடம்புல தண்ணி ஏறிக்கிட்டே இருந்திருக்கும். அதை நெனச்சா இப்பவும் வயித்தைக் கலக்குது.

மறுநாள் ஒரு மெக்கானிக்கிட்ட காட்டினேன். பானெட்டைத் தூக்கிப் பார்த்தாரு, ரேடியேட்டர்ல தண்ணி குறைஞ்சிருக்கு, கீழ எங்கயும் ஒழுகலைன்னாரு. "வெளிய ஒழுகலைன்னா உள்ள குடிக்குதுன்னு அர்த்தம். ஹெட் கேஸ்கட் போச்சு. ஹெட்டை இறக்கணும், லேத்துக்கு அனுப்பணும், 18,000 ஆகும்." வண்டியை வித்தாலே அதைவிடக் கொஞ்சம்தான் கூட வரும். ஆனாலும் சரின்னு சொல்லிட்டேன். வேற வழி தெரியலை. வெள்ளிக்கிழமை போய்ட்டு வந்ததும் சனிக்கிழமை விடறேன்னு பேச்சு.

வெள்ளிக்கிழமை ரெண்டு பெரிய கேன் தண்ணியோட கிளம்பினோம். ஆஸ்பத்திரியில நர்ஸம்மா வழக்கம் போல அண்ணனை எடை மேடையில ஏத்தினாங்க. டயாலிசிஸுக்கு முன்னாடி ஒரு எடை, பின்னாடி ஒரு எடை. போன தடவை இறங்கும்போது எவ்வளவு, இப்ப எவ்வளவு, நடுவுல ஏறினது எவ்வளவு. ஏறினது முக்கால்வாசி தண்ணிதான். அதைக் கணக்குப் போட்டுத்தான் மெஷின் எவ்வளவு தண்ணி எடுக்கணும்னு வைப்பாங்க. எல்லாத்தையும் ஒரு நோட்டுல எழுதுவாங்க.

திரும்பி வரும்போது அண்ணன் சொன்னாரு. "ஏன்டா, என்னை எடை போடாம யாராவது மெஷின்ல படுக்க வைக்கிறாங்களா? உன் வண்டியை ஒரு தடவை கூட அளக்காமலே வயித்தை அறுக்கப் போறியே?"

எனக்கு சுருக்குன்னு இருந்துச்சு. நான் முப்பது வருஷமா மோட்டார் போட்டுத் தண்ணி இறைக்கிறவன். மோட்டார் ஓடுது, தண்ணி வரலைன்னா உடனே போர் வத்திப் போச்சுன்னு எந்த விவசாயியும் சொல்ல மாட்டான். முதல்ல ஃபுட் வால்வு பார்ப்போம். அப்புறம் குழாய்ல காத்து வாங்குதான்னு பார்ப்போம். கடைசியிலதான் போர். காசு கம்மியான சந்தேகம் முதல்ல, காசு அதிகமான சந்தேகம் கடைசியில. கொல்லையில தெரிஞ்ச புத்தி கார் பானெட்டைத் தூக்கினதும் எங்க போச்சுன்னு தெரியலை. சனிக்கிழமை வண்டியை விடலை.

முதல் வேலை, ஒரு மூங்கில் குச்சியைச் சீவி கோடு போட்டேன். காலையில என்ஜின் ஜில்லுன்னு இருக்கும்போது மூடியைத் திறந்து குச்சியை விட்டுப் பார்க்கிறது. ஒரே இடம், ஒரே நேரம், வண்டி சமதரையில நிக்கணும். ராத்திரி வண்டிக்கு அடியில பழைய பேப்பர் விரிச்சேன். காலையில பேப்பர் காய்ஞ்சே கிடந்துச்சு. குச்சியிலயும் ராத்திரிக்கும் காலைக்கும் வித்தியாசம் இல்லை. ஆக, நிக்கிற வண்டியில தண்ணி போகலை. ஓடும்போதுதான் போகுது.

ரெண்டாவது, மூடிக்குப் பக்கத்துல ஒரு சின்னக் குழாய் கீழ போகும். அழுத்தம் அதிகமானா அது வழியா தண்ணி வெளிய போகும். இப்ப வர்ற கார்ல அதை ஒரு பிளாஸ்டிக் டப்பாவுல விட்டிருப்பாங்க, ஆறினதும் திரும்ப உள்ள இழுத்துக்கும். என் வண்டியில டப்பா கிடையாது, ரோட்டுலதான் கொட்டும். அந்தக் குழாய் முனையில ஒரு காலி தண்ணி பாட்டிலைக் கட்டி விட்டேன். மாமல்லபுரம் பூஞ்சேரி கூட்ரோடு வரைக்கும் ரெண்டு தடவை போய் வந்து பார்த்தா பாட்டில்ல ஒரு டம்ளருக்கு மேல தண்ணி.

சிரிப்பு வந்துச்சு. ஏன்னா அது என் தப்பு. தினமும் விளிம்பு வரைக்கும் ஊத்தறேன். தண்ணி சூடானா பெருகும், பெருகறதுக்கு இடம் வேணும். டப்பா இல்லாத பழைய வண்டியில விளிம்பு வரைக்கும் ஊத்தினா மிச்சத்தை அது துப்பிடும். மறுநாள் பார்த்துட்டு "ஐயோ குறைஞ்சிருக்கே"ன்னு நாம மறுபடி ஊத்துவோம், அது மறுபடி துப்பும். இப்படியே வருஷக் கணக்கா ஓடலாம். மூடியோட ரப்பரும் வெடிச்சுத்தான் இருந்துச்சு. மூடியை மாத்தினேன், ரெண்டு விரற்கடை இடம் விட்டு ஊத்தினேன்.

அடுத்த செவ்வாய் செங்கல்பட்டு போய்ட்டு வந்தோம். பாட்டில்ல சொட்டுத் தண்ணி இல்லை. ஆனா மறுநாள் காலையில குச்சி ஒரு கோடு கீழ காட்டுது. நிரப்பி அளந்தேன், முக்கால் லிட்டர். இப்பத்தான் நிஜமான கணக்கு கைக்கு வந்துச்சு. 55 கிலோமீட்டருக்கு முக்கால் லிட்டர், துப்புற குழாய் வழியா இல்லை, நிக்கும்போது இல்லை.

மூணாவது, மெக்கானிக் சொன்ன கேஸ்கட். அது போயிருந்தா அடையாளம் இருக்கும். தண்ணி ஆயிலோட கலந்தா ஆயில் குச்சியிலயும் ஆயில் மூடி அடியிலயும் மோர் மாதிரி வெளுத்து நுரைச்சு இருக்கும். என் ஆயில் கருப்பாவே இருந்துச்சு. தண்ணி எரியற இடத்துக்குள்ள போனா சைலன்சர்ல வெள்ளைப் புகை வண்டி சூடான பிறகும் நிக்காம வரும். வரலை. எரியற காத்து தண்ணிக்குள்ள வந்தா, காலையில மூடியைத் திறந்து வெச்சு ஸ்டார்ட் பண்ணும்போது ரேடியேட்டர் வாயில விடாம குமிழ் வரும். வேணும்னு அஞ்சு நிமிஷம் பார்த்தேன், குமிழ் இல்லை. கேஸ்கட் போகவே இல்லைன்னு இதை வெச்சு சத்தியம் பண்ண முடியாது. ஆனா 18,000 ரூபாயைக் கொட்டறதுக்கு ஒரு காரணமும் கிடைக்கலை.

உங்க கார்ல ஹீட்டர் இருந்தா இன்னொரு இடமும் பார்க்கணும். ஹீட்டருக்கும் என்ஜின் தண்ணிதான் போகுது. அது ஒழுகினா வண்டிக்கு அடியில தெரியாது, முன் சீட் காலடி மேட் ஈரமா இருக்கும், கண்ணாடியில உள்பக்கம் பிசுபிசுன்னு படியும். நம்ம ஊர்ல யாரும் ஹீட்டர் போடறதில்லை, அதனால யாருக்கும் அது ஞாபகத்துக்கே வராது. என் வண்டியில ஹீட்டர் இல்லை.

நாலாவது, டார்ச் லைட்டும் என் சம்சாரத்தோட முகம் பார்க்கிற கண்ணாடியும். ஓடும்போது போற தண்ணி, கீழ சொட்டாம போற தண்ணி, அப்ப சூட்டுலயும் காத்துலயும் காயுது. காய்ஞ்ச தண்ணி ஆவியா போயிடும், ஆனா அதுல இருந்தது எங்க போகும்? எங்க ஊர் தண்ணி வெறும் தண்ணி இல்லையே. அதுல உப்பு இருக்கு. என்ஜின்ல எங்கயாவது வெள்ளையா பூத்திருக்கணும்.

கிடைச்சுது. முன்னாடி ஃபேனுக்குப் பின்னால வாட்டர் பம்ப் இருக்கு. ஃபேன் அந்த பம்ப் தண்டுலதான் மாட்டியிருக்கும். பம்புக்கு அடிப்பக்கம் பேனா முனை போற அளவுக்கு ஒரு ஓட்டை. மேல இருந்து பார்த்தா தெரியாது, கண்ணாடி வெச்சுத்தான் பார்க்கணும். அந்த ஓட்டையில இருந்து என்ஜின் பக்கமா ஒரு வெள்ளைக் கோடு, உப்பளத்து வரப்பு மாதிரி. ஈரத்துணியால சுத்தமா துடைச்சேன். வண்டியை ஒரு மணி நேரம் ஓட்டிட்டு வந்து பார்த்தேன். கோடு திரும்ப வந்திருந்துச்சு. ஃபேனை ரெண்டு கையால புடிச்சு அசைச்சேன், என்ஜின் நிறுத்தினதுக்கு அப்புறம்தான், லேசா ஆடுச்சு.

அந்த ஓட்டை யாரோ தப்பா போட்டது இல்லை, வேணும்னே வெச்சது. பம்புக்குள்ள ஒரு பக்கம் தண்ணி, ஒரு பக்கம் பேரிங், நடுவுல ஒரு சீல். சீல் தேய்ஞ்சா தண்ணி பேரிங்குக்குப் போகாம வெளிய வழியட்டும், பார்க்கிறவன் பார்த்துக்கட்டும்னு வெச்ச ஓட்டை. நிக்கும்போது சீல் ஒட்டிக்கிச்சு. ஓடி அழுத்தம் ஏறினதும் கசிஞ்சுது. கசிஞ்சதை ஃபேன் காத்து சூடான என்ஜின் மேல அடிச்சுக் காய வெச்சுது. அதனாலதான் கீழ ஒரு சொட்டு கூட விழலை. பழைய வண்டி வெச்சிருக்கிற சில பேரு இந்த ஓட்டையில எம்-சீல் வெச்சு அடைச்சுடுவாங்க. அடைச்சா ஒழுகறது நிக்கும், பேரிங் சீக்கிரமே போகும், அப்புறம் ஃபேன் கழண்டு ரேடியேட்டரைக் கிழிக்கும்.

செங்கல்பட்டுல வேற ஒரு பையன்கிட்ட போனேன். சின்ன வயசு, ஆனா அம்பாசிடர் வேலை அவங்கப்பாகிட்ட கத்தவன். "கரெக்டா புடிச்சிருக்கீங்க பெரியப்பா"ன்னு சொல்லிட்டு, அவன் பங்குக்கு ஒரு கைப்பம்பை ரேடியேட்டர் வாயில மாட்டி, மூடியில போட்டிருக்கிற அளவுக்கு மட்டும் காத்து அடிச்சு, முள்ளு இறங்குதான்னு பார்த்தான். இறங்குச்சு. ஓட்டையில முத்து முத்தா தண்ணி. வேற எங்கயும் இல்லைன்னு ஹோஸ் எல்லாம் தடவிப் பார்த்தான். அம்பாசிடர் 2014-ல நின்னு போச்சு, ஆனா சென்னையில ஜி.பி. ரோட்டுல பார்ட்ஸ் இன்னும் கிடைக்குது. பம்ப், பேக்கிங், பெல்ட், ரெண்டு ஹோஸ், வேலைக்கூலி எல்லாம் சேர்த்து 3,600 ரூபா.

பழைய பம்பைக் கழட்டி என் கையில குடுத்தான். உள்ள பார்த்ததும் எனக்குப் பேச்சு வரலை. நம்ம வீட்டு வெந்நீர் அண்டாவுல அடியில புடிச்சிருக்குமே, அந்த மாதிரி உப்புப் பாறை. கூட துருச்சேறு. அந்தப் பொருக்குதான் சீலை அராவியிருக்கு.

அது பன்னெண்டு வருஷமா நான் ஊத்தின தண்ணி. கொல்லை போர்த் தண்ணி. கால்வாய்ப் பக்கம் இருக்கிற எங்க போர் எல்லாம் கோடையில கரிக்கும். கிணத்துல இருந்து நல்ல தண்ணியை இறைக்க இறைக்க, கீழ உப்புத் தண்ணி மேல ஏறி வரும். நெல்லுக்கு அந்தத் தண்ணி விட்டா நுனி கருகறது எனக்குத் தெரியும். மாடு கூட மொகம் சுளிக்கும். அதையே வண்டிக்கு மட்டும் யோசிக்காம ஊத்தினேன். தண்ணிதானேன்னு.

பக்கத்துல கல்பாக்கம் இருக்கு. அணுமின் நிலையத்துல கடல் தண்ணியை இழுத்துத்தான் நீராவியைக் குளிர வைக்கிறாங்க. ஆனா கடல் தண்ணி ஒரு குழாய்க்குள்ள போய் வெளிய வந்துடும். நீராவியா சுத்தற தண்ணி தனி, அது உப்பெல்லாம் நீக்கின தண்ணி. ரெண்டும் கலக்கவே விட மாட்டாங்க. கடலை ஒட்டி இருக்கிறவங்களே உள்ள சுத்தற தண்ணிக்கு அவ்வளவு ஜாக்கிரதை. நான் கால்வாய் ஓரத்து உப்பை நேரா என்ஜினுக்குள்ள விட்டிருக்கேன்.

இன்னொரு தப்பும் வெளிய வந்துச்சு. தெர்மோஸ்டாட் வால்வு இல்லவே இல்லை. முன்னாடி வெச்சிருந்தவர் காலத்துலயே எடுத்திருக்காங்க. "நம்ம ஊர் வெயிலுக்கு அது எதுக்கு"ன்னு பல பேரு சொல்வாங்க. அது இல்லாட்டி என்ஜின் சரியான சூட்டுக்கு வர்றதுக்கே ரொம்ப நேரம் ஆகும், டீசல் அதிகம் குடிக்கும், என்ஜினும் சீக்கிரம் தேயும். பையன் புதுசு போட்டான். என்ஜினை மூணு தடவை அலசினான். முதல் தடவை வந்தது செம்மண் குட்டைத் தண்ணி மாதிரி. மூணாவது தடவைதான் தெளிஞ்சுது.

இப்ப பேட்டரி கடையில டி.எம். வாட்டர் கேன் வாங்கி, கூலன்ட் கலந்து ஊத்தறேன். குளிர் நாட்டுக்காரங்களுக்குத் தண்ணி உறையாம இருக்கத்தான் கூலன்ட், நமக்கு எதுக்குன்னு நானும் நெனச்சிருந்தேன். நமக்கு அது துருவுக்கும் பொருக்குக்கும். கொதிநிலையும் கொஞ்சம் ஏறும். ஒண்ணு மட்டும் ஜாக்கிரதை. அது இனிக்கும், விஷம். நாயோ கன்னுக்குட்டியோ நக்கிடக் கூடாது. கீழ கொட்டினா உடனே கழுவி விடுங்க, மிச்சத்தைத் திறந்து வைக்காதீங்க.

முதல்ல பார்த்த மெக்கானிக் மேல எனக்குக் கோவம் இல்லை. கண்ணுக்குத் தெரியலைன்னா உள்ளதான் இருக்கணும்னு அவரு நெனச்சாரு. நானும் சரின்னுதானே சொன்னேன். ஹெட்டை இறக்கியிருந்தா கூட அதே பம்பை மறுபடி மாட்டியிருப்பாங்க, வண்டி மறுபடி திருக்கழுக்குன்றத்துல நின்னிருக்கும், அன்னைக்கு மெஷினும் கிடைக்காம போயிருக்கலாம்.

மூங்கில் குச்சி இன்னும் டிக்கியில கிடக்கு. அண்ணன் அவரோட எடையை எழுதற நோட்டுலயே பக்கத்து வரிசையில வண்டியோட கணக்கையும் எழுதச் சொல்லிட்டாரு. செவ்வாய், வெள்ளி, ரெண்டு பேருக்கும் ஒரே நாள்.

நேத்து வெள்ளிக்கிழமை. வண்டி குச்சியில அதே கோட்டுல நிக்குது, மூணு மாசமா அசையலை. அண்ணன்தான் 2 கிலோ 300 ஏறியிருந்தாரு. நர்ஸம்மா, "ஊறுகாய் தின்னீங்களா? உப்பு தின்னா தாகம் எடுக்கும், தண்ணி குடிப்பீங்கன்னு எத்தனை தடவை சொல்றது"ன்னு கேட்டாங்க. இல்லவே இல்லைன்னு சாதிச்சாரு. வீட்டுக்கு வந்து பார்த்தா மாவடு ஜாடியில பாதி இல்லை.